கண்டல்வனத்துப் பிள்ளைகள்

மேற்கே பொறையூர்க் குன்றுகளின் பின்னே கதிரவன் இறங்கிவிட்டான். கிழக்கே கடல்விளிம்பில் முழுமதி எழுந்து, தண்புனலாற்றின் கழிமுகமெங்கும் வெள்ளியை உருக்கி வார்த்தாற்போல் ஒளியைப் பரப்பத் தொடங்கியிருந்தது. மலையில் பிறந்து, வயல்களுக்கெல்லாம் ஊழியம் செய்து களைத்து வந்த அந்த ஆறு, கடலைக் கண்டதும் நேரே சென்று விழ மனமில்லாததுபோலப் பல ஓடைகளாகப் பிரிந்து, கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையே நுழைந்து நுழைந்து திரிந்துகொண்டிருந்தது. ஓதம் ஏறும்போது அம்மரங்கள் நீரில் மிதப்பன போலத் தோன்றும்; ஓதம் வற்றும்போதோ, வளைந்த வேர்களைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு, பெரும் நண்டுக்கூட்டமொன்று கரையேறப் புறப்பட்டு நடுவழியில் நின்றுவிட்டதுபோலக் காட்சியளிக்கும். அடைவதற்கு வந்த நாரைகள் கிளைக்குக் கிளை இடம் கேட்டுப் பூசலிட்டுக்கொண்டிருந்தன.

அன்பார்ந்த வாசகர்களே! இத்தகைய மாலைப்பொழுதில் நம் கதைத்தலைவி நிலவைக் கண்டு பெருமூச்செறிந்தாள் என்று எழுதவே எமக்கும் விருப்பம். ஆனால் நடந்தது அதுவன்று. தாழைநங்கை தன் சிற்றோடத்தில் முழந்தாளிட்டு, வேர்களின் மறைவில் குனிந்து, கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு, ஓர் அயலானை உளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் நெடுங்கழிப்பாக்கத்தின் கழிகாட்டி. அக்காட்டின் ஓடைகளுள் எது கடலுக்குச் செல்லும், எது சேற்றில் சென்று முடியும் என்பதை அறிந்து, அயலார் ஓடங்களை நடத்திச் செல்வது அவள் குடிக்கு வழிவழியாக வந்த பணி. அவள் பின்தொடர்ந்து வந்தவனோ, சங்குவளை வாணிகன் என்றும், தன் பெயர் சாத்தன் என்றும் சொல்லிக்கொண்டு அண்மையில் ஊருக்குள் வந்தவன். பாக்கத்துப் பெண்கள் கேட்ட விலைக்கெல்லாம் அவன் மறுபேச்சின்றித் தலையசைத்ததைக் கண்ட அன்றே நங்கைக்கு ஐயம் பிறந்துவிட்டது. பேரம் பேசாத வாணிகனும் உண்டோ?

இப்போது அவன் செய்துகொண்டிருந்த செயல் அந்த ஐயத்தை உறுதிப்படுத்தியது. கயிற்றில் கட்டிய கல்லை நீரில் இறக்கி ஆழம் பார்த்தான். நீண்ட கோலை ஊன்றி அடிமண்ணின் உறுதியைச் சோதித்தான். மனம் நிறைந்ததும் மடியிலிருந்து மஞ்சள் துணியொன்றை எடுத்து அருகிலிருந்த மரத்தின் கிளையில் முடிந்தான். பின்னர் ஓடத்தைச் சிறிது தூரம் செலுத்தி, மறுபடியும் அவ்வாறே செய்தான். துணி கட்டிய மரங்கள் அனைத்தும் நடுவோடையின் கரையிலேயே இருந்தன. சேற்றுக்கடியில் கெட்டிமணல் உள்ள ஓடை அது ஒன்றே என்பதை நங்கை அறிவாள். வேறெங்கு இறங்கினாலும் ஆளையும் எருதையும் சேறு விழுங்கிவிடும்.

பொறையூர்ப் பெருவேள் கண்டல்வனத்தை அழித்து, கழியை ஆழமாக வெட்டி, பெரும் நாவாய்கள் வந்து நிற்கத் துறைமுகம் அமைக்கப் போகிறார் என்ற செய்தி சந்தைக்குச் சென்று வந்தவர்கள் வாயிலாகப் பாக்கத்துக்கு எட்டியிருந்தது. 'எங்கே வெட்டத் தொடங்குவதென்று தெரியாமல் தவிக்கிறார்களாம்' என்று ஊரார் சிரித்தார்கள். சிரித்தார்களேயொழிய அவர்கள் நெஞ்சில் அச்சம் இல்லாமலில்லை. அந்த வேர்களின் நிழலில்தான் இறாலும் கொடுவாய் மீனும் குஞ்சு பொரித்தன. அந்த மரங்கள் நின்றதால்தான் ஊர்க்கிணறுகளில் உப்பு ஏறாமலிருந்தது. புயற்காலத்தில் கடல் எழுந்து வந்தபோதெல்லாம் கண்டல்வனம் முன்னே நின்று அடி வாங்கிக்கொண்டது. பாக்கம் பின்னே நின்று பிழைத்துக்கொண்டது. காடு போனால் ஊரும் போகும். இதில் ஐயப்படுவதற்கு ஒன்றுமில்லை.

'கூச்சலிட்டு ஆட்களைக் கூட்டலாமா?' என்று எண்ணினாள் நங்கை. இளைஞர்கள் ஆத்திரத்தில் ஒற்றனைக் கொன்றுவிட்டால், படையெடுக்கக் காரணம் தேடிக்கொண்டிருக்கும் பெருவேளுக்கு அதுவே போதுமே! உயிரோடு விட்டாலும் அவன் வழியைச் சொல்லிவிடுவானே! அவள் இவ்வாறு குழம்பிக்கொண்டிருந்தபோது, ஓடையின் கடைசி மரத்தை அடைந்திருந்த அந்த வாணிகன், எஞ்சியிருந்த துணியை மடியிலிருந்து உருவினான். அதே கணத்தில், நண்டுக்கூடைகளை எடுத்துக்கொண்டு திரும்பிய மற்றோர் ஓடம் வளைவைச் சுற்றி வந்து அவனெதிரே நின்றது.

அதிலிருந்தவள் நங்கையின் அத்தை காளி; பாக்கத்துத் தலைவர் நெய்தலரையரின் மனைவி.

"யாரங்கே? வளைக்காரரா? மரத்தடியில் என்ன செய்கிறீர்?"

"ஒன்றுமில்லை அம்மணி, காற்று வாங்க வந்தேன்" என்றான் அவன், துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

"மறைக்காதீர் ஐயா! மேல்வளைவிலிருந்து பார்த்துக்கொண்டே வருகிறேன். வழிநெடுகக் கட்டியிருக்கிறீரே! அத்தனையும் நீர் கட்டியவைதாமா?"

அவன் கை மெல்ல இடைக்கச்சையை நோக்கி நகர்ந்தது. அங்கே குறுவாள் இருக்கும் என்பதை உணர்ந்து நங்கை தன் கோலை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"ஆம், நான் கட்டியவைதாம்" என்றான் அவன்.

காளியின் கையிலிருந்த துடுப்பு நழுவி ஓடத்துக்குள் விழுந்தது. அவள் இரு கைகளையும் தலைக்குமேல் குவித்து, "எந்தப் புண்ணியவதி பெற்ற மகனோ! எங்கள் ஊரான் ஒருவன்கூட இப்படிச் செய்ததில்லையே!" என்று தேம்பித் தேம்பி அழத் தொடங்கினாள்.

குறுவாளை நோக்கிச் சென்ற கை பாதிவழியிலேயே நின்றுவிட்டது.

இந்த அழுகையின் காரணத்தை வாசகர்களுக்கு இங்கே விளக்கிவிடுவது நம் கடமை. நெடுங்கழிப்பாக்கத்தில் ஒரு குழந்தை பிறந்தால், அதன் தந்தை கண்டல்வனத்தில் ஒரு மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, அம்மரத்தையும் தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்வான். மகப்பேறில்லாதவர்கள் மரத்தை மட்டுமே பிள்ளையாக ஏற்பதுமுண்டு. காளிக்கு அப்படி ஒரு மரம் இருந்தது. துணி கட்டியவனே அம்மரத்துக்குத் தந்தை. அவன் இசைவின்றி அதன் ஒரு கிளையைக்கூட எவரும் வெட்டலாகாது. இப்போதைய பெருவேளின் தந்தையாகிய ஏழிசை வேள், முன்னொரு காலத்தில் புயலில் சிக்கி இப்பாக்கத்தில் ஒதுங்கியபோது, தாமும் துறையருகே ஒரு மரத்துக்குத் துணி கட்டி, இவ்வழக்கம் பொறையூர் நாடெங்கும் செல்லும் என்று ஆணையிட்டுச் சென்றார். ஆனால் பிள்ளைமரங்கள் எல்லாம் ஊரையொட்டியே இருந்தன. காட்டின் நடுவே சென்று எவரும் துணி கட்டியதில்லை. ஊரருகே வெளுத்துத் தொங்கிய கந்தல்களைக் கண்ட ஒற்றனோ, செம்படவர்கள் எதையோ உலர்த்தியிருக்கிறார்கள் என்று எண்ணி, பச்சை இலைகளுக்கிடையே பளிச்சென்று தெரியட்டும் என்று மஞ்சள் துணியையே அடையாளத்துக்குத் தேர்ந்துகொண்டான்.

அயலான் ஒருவன் மரத்தில் மஞ்சள் துணி கட்டினால், வேறெந்த ஊராரும் 'இது எதற்கான அடையாளம்?' என்று கேட்டிருப்பார்கள். இப்பாக்கத்தாருக்கு அக்கேள்வியே எழாது. அவர்கள் அறிந்த மஞ்சள் துணிக்கு ஒரே பொருள்தான் உண்டு.

தாழைநங்கையின் குழப்பம் அக்கணமே தீர்ந்தது. மறைவிலிருந்து ஓடத்தை வெளியே செலுத்தி, "நானும் பார்த்தேன் அத்தை. இவர் நடுவோடை மரங்களையெல்லாம் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டுவிட்டார். ஊருக்குச் சொல்ல வேண்டாமா?" என்றாள்.

ஒற்றனைக் கொன்றால் இன்னோர் ஒற்றன் வருவான். ஒற்றனைத் தந்தையாக்கிவிட்டால்?

மறுநாள் துறையில் நடந்த விருந்தைப்போல் ஒன்றைப் பாக்கம் அண்மைக்காலத்தில் கண்டதில்லை. கொடுவாய்க் குழம்பும், சுட்ட நண்டும், பனங்கள்ளும் வந்துகொண்டேயிருந்தன. ஏழிசை வேள் துணி கட்டிய முதுமரத்தின் நிழலில் சாத்தனை உட்கார வைத்து, கழுத்தில் நெய்தல் மாலையை இட்டார்கள். தூக்குமேடையில் உபசாரம் பெறும் குற்றவாளியைப்போல் அவன் விழித்தான்.

"உண்ணும் ஐயா! பெரிய குடும்பத்துக்காரர் நீர். உடம்பில் வலு வேண்டாமா?" என்றார் நெய்தலரையர்.

"எங்கள் வீட்டுக்காரர் ஒரு பிள்ளையைத் தூங்க வைப்பதற்குள் தாம் தூங்கிவிடுவார். இவர் எப்படித்தான் சமாளிக்கப் போகிறாரோ!" என்றாள் ஒருத்தி.

"மரப்பிள்ளை இரவில் அழாதடி. அதனால்தான் மனிதர் துணிந்திருக்கிறார்" என்றாள் மற்றவள்.

சிரிப்பொலி அடங்கியதும் காளி முன்னே வந்து, "பெயர் வைக்க வேண்டும் ஐயா. எங்கள் வழக்கப்படி தலைப்பிள்ளைக்கு உம் பாட்டன் பெயர். சொல்லும்!" என்றாள்.

அவன் சற்றே திகைத்து, "ஏழிசை…" என்று தொடங்கிச் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

கூட்டம் ஆரவாரித்தது. தங்கள் பழைய வேளின் பெயரையே அவன் தேர்ந்துகொண்டானென்று அவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் நங்கையின் செவிக்கு அது பெரியவர் ஒருவரின் பெயரை மரியாதைக்காகச் சொன்ன குரலாகப் படவில்லை; நாளும் வழங்கிப் பழகிய குரலாகப் பட்டது. அவள் அதை மனத்தின் ஒரு மூலையில் முடிந்து வைத்துக்கொண்டாள். அடுத்தடுத்துப் பெயர் கேட்டார்கள். அன்னையின் பெயரையும், பாட்டியின் பெயரையும், தன் குதிரையின் பெயரையுங்கூடச் சொல்லித் தீர்த்தான் அவன். ஊரார் ஒவ்வொன்றுக்கும் குலவையிட்டார்கள்.

"எல்லாம் சரி. இத்தனை பிள்ளைகளுக்கும் தாய் யார் ஐயா?" என்று காளி இறுதியாகக் கேட்டாள்.

அதற்கு அவனிடம் பெயர் இல்லை. தலை குனிந்தபடி நண்டின் ஓட்டை உடைப்பதில் முனைந்தான். காதுமடல்கள் சிவந்ததை நங்கை மட்டுமா கண்டாள்? ஊரே கண்டது.

விருந்தோடு செய்தி நின்றுவிடவில்லை. 'வழிப்போக்கன் ஒருவன் இத்தனை மரங்களை ஏற்கும்போது நாம் ஒன்றோடு நிற்பதா?' என்ற நாணம் ஊராரைப் பற்றிக்கொண்டது. வீட்டுக்கு வீடு துணி கிழித்து மஞ்சளில் தோய்த்தார்கள். நடுவோடையின் இரு மருங்கிலும், அதற்கப்பாலுள்ள ஓடைகளிலும், கை எட்டிய மரமெல்லாம் மஞ்சள் பூண்டது. கணவர்களுக்குள் போட்டி மூண்டு, பழம்புடைவைகள் பல காணாமற்போயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று பொழுது சாயும் வேளையில், தனக்கு ஊர் திரும்ப வேண்டியிருக்கிறதென்று சாத்தன் விடை கேட்டான். விருந்தினரைக் கழிக்கு அப்பால் கொண்டு சேர்ப்பது கழிகாட்டியின் கடமை. நங்கை ஓடத்தைச் செலுத்தினாள். நிலவொளியில் இருபுறமும் மஞ்சள் துணிகள் அசைந்தன.

"உம் பிள்ளைகளெல்லாம் கெட்டிமணல் உள்ள இடமாகப் பார்த்தே பிறந்திருக்கிறார்களே, ஐயா" என்றாள் நங்கை திடீரென்று.

அவன் திரும்பிப் பார்த்தான். பின்னர் பொய்ப்பதில் பயனில்லை என்று கண்டவன்போல், "எப்போது தெரிந்துகொண்டாய்?" என்று கேட்டான்.

"நீர் முதல் துணி கட்டியபோதே."

"என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாமே!"

"கொடுத்திருந்தால் எங்களுக்குக் கிடைத்திருப்பது ஒரு பிணம். இப்போது எங்களுக்கு ஒரு தந்தை கிடைத்திருக்கிறார். எது இலாபம்? வாணிகராகிய நீரே சொல்லும்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் மறைந்தது. "நங்கையே, நீயும் என் சொல்லைக் கேட்க வேண்டும். பெருவேள் கொடியவர் அல்லர். துறைமுகம் வந்தால் கடல்கடந்த நாடுகளின் நாவாய்கள் வரும். பஞ்சகாலத்தில் நெல் வரும். சென்ற பஞ்சத்தில் மலையடி ஊர்களில் மக்கள் கிழங்குகூட இல்லாமல் மடிந்ததை நான் கண்ணால் கண்டேன். அதை எண்ணித்தான் இந்தப் பணியை ஏற்றுக்கொண்டேன்."

நங்கை கோலை ஊன்றி ஓடத்தை நிறுத்தினாள். அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதை அவள் உணர்ந்தாள். ஆகவே சினத்தை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"துறைமுகம் வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லையே! வடக்கே மணல்முனையில் மலை கடலுக்குள் இறங்கும் இடத்தில், வெட்டாமலே யானை முழுகும் ஆழம் இருக்கிறது. பெருங்காற்றில் எங்கள் ஓடங்கள் ஒதுங்குவது அங்கேதான். பொறையூரிலிருந்து அங்கே சாலை மட்டும் இல்லை. குன்றைச் சுற்றிச் சாலை போடுவதைவிட, எங்கள் காட்டை அழிப்பது உம் பெருவேளுக்கு எளிதாகப் படுகிறது. அவ்வளவுதான் செய்தி."

"மணல்முனையைப் பற்றி எங்களிடம் எவரும் சொன்னதில்லையே!"

"ஒற்றரை அனுப்பியவர்கள், கேட்பதற்கு ஒரு தூதரை அனுப்பியிருந்தால் சொல்லியிருப்போம்."

கழியின் எல்லையில் ஓடம் கரைதொட்டது. அவன் இறங்கி, சேற்றில் நின்றபடி, "நான் என்ன செய்வேன் என்று நீ கேட்கவில்லையே!" என்றான்.

"கேட்டால் உண்மை சொல்வீரா?"

"எனக்கே இன்னும் தெரியாது."

"அப்படியானால் கேட்டு என்ன பயன்? போய் வாரும். எங்கள் ஊரில் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. பிள்ளைகள் உள்ளவர்கள் சொல்லவே கூடாது."

அவன் சென்ற திசையைப் பார்த்தபடி, ஓதம் மாறும் வரையில் அவள் அங்கேயே நின்றாள். தான் செய்தது அறிவா, அல்லது அந்தச் சிவந்த காதுமடல்கள் செய்வித்த மடமையா என்பது அவளுக்கு விளங்கவில்லை.

சில நாட்களில் விடை வந்தது. அது கோடரிகளோடு வந்தது.

படைத்தலைவர் கொற்றங்குடியார், வீரர்களும் மரம் வெட்டுவோரும் நிறைந்த ஓடங்களோடு காலை வெயிலில் துறைக்கு வந்து சேர்ந்தார். அவர் கொடுமைக்காரர் அல்லர், சிரிப்பவரும் அல்லர். இட்ட ஆணையை எழுத்துப் பிசகாமல் செய்து முடிப்பதொன்றே அவர் அறிந்த அறம்.

"மஞ்சள் துணி கட்டிய மரங்களே வழி என்று ஒற்றனோடு ஏற்பாடு. வெட்டத் தொடங்குங்கள்" என்றார்.

மரம் வெட்டுவோர் காட்டைப் பார்த்தார்கள். பிறகு படைத்தலைவரைப் பார்த்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரமெங்கும் மஞ்சள் துணிகள் அசைந்துகொண்டிருந்தன.

"எந்த மஞ்சள், எசமான்?" என்றான் ஒருவன்.

இதற்குள் பாக்கமே திரண்டு வந்து அவரவர் மரத்தடியில் நின்றுகொண்டது. இடுப்பளவு சேற்றில், முட்டுவேர்களை அணைத்துக்கொண்டு, கைக்குழந்தைகளோடும் நின்றார்கள். நெய்தலரையர் முன்வந்து வணங்கி, "இவை பிள்ளைமரங்கள், ஐயா. தந்தையின் இசைவின்றி வெட்டலாகாதென்பது ஏழிசை வேளின் ஆணை" என்றார்.

கொற்றங்குடியார் துணிகளை ஒருமுறை நோக்கினார். "ஆணையை நானும் அறிவேன். உரியவர் உள்ள மரத்தைத் தொட மாட்டேன். உரியவர் இல்லாத பிள்ளை அரசுக்கு உரியது; அதுவும் அதே ஆணையில் உள்ளது அன்றோ?"

"உள்ளது" என்றார் நெய்தலரையர். உள்ளதை இல்லையென்று சொல்ல அவருக்குத் தெரியாது.

"அப்படியானால் ஒவ்வொரு மரமாகக் கேட்டுக்கொண்டு செல்வோம்."

படைத்தலைவரின் ஓடம் மரத்துக்கு மரம் நின்றது. "இது யாருடையது?" "என்னுடையது." "இது?" "எங்கள் மூத்தவளுடையது." ஓடம் நடுவோடைக்குள் நுழைந்தது. ஒரு மரத்தடியில் எவரும் இல்லை. "இது யாருடையது?" என்ற கேள்விக்கு விடையில்லை. அப்பால் ஒரு மரத்தடியிலும் எவரும் இல்லை. அதற்கப்பாலும் அவ்வாறே.

நங்கை அருகே நின்ற அத்தையை நோக்கி ஓடத்தைத் திருப்பினாள். வாசகர்களே, அவள் பதற்றத்தின் காரணம் உங்களுக்கும் புலப்பட்டிருக்கும். ஊரார் கட்டிய மஞ்சள் துணிகள் ஒற்றன் கட்டியவற்றை மறைத்தது உண்மையே. ஆனால் இப்போது உரியவரின்றி நின்ற மரங்களெல்லாம் அவன் கட்டியவை. வழியை மறைத்த அவர்கள் வழக்கமே வழியைக் காட்டிக்கொண்டிருந்தது!

"அத்தை, அந்த மரத்தை உன்னுடையதென்று சொல்!" என்று பதறினாள் அவள்.

"எப்படியடி சொல்வேன்? ஒரு பிள்ளைக்கு இரண்டு தகப்பன் உண்டா? பெற்றவர் உயிரோடிருக்கும்போது பிள்ளையைத் திருடுவதா?" என்றாள் காளி. அழுதாளேயொழிய அசையவில்லை. ஊரில் எவரும் அசையவில்லை. பொய் சொல்லியிருந்தால் காடு பிழைத்திருக்கும்; மரத்தைத் தொட்டுக்கொண்டு பொய் சொல்லக் கற்றவர் ஒருவர்கூட அங்கில்லை.

கொற்றங்குடியார் தலையசைத்தார். "வழி தெரிந்துவிட்டது. இந்த மரத்திலிருந்து தொடங்குங்கள்."

கோடரி ஒன்று வெயிலில் மின்னி உயர்ந்தது. நங்கை தன் ஓடத்தை வேகமாகச் செலுத்தி, மரத்துக்கும் கோடரிக்கும் இடையே நின்றாள்.

"விலகு, பெண்ணே. இது உன் மரமா?"

"அல்ல."

"உரியவன் எங்கே?"

அவள் வாய் திறப்பதற்குள், "இதோ!" என்றொரு குரல் ஓடையின் வளைவிலிருந்து எழுந்தது.

ஒருவனே துடுப்பு வலிக்க ஓர் ஓடம் தட்டுத்தடுமாறி வந்தது. அதில் இருந்தவன் வளைக்காரச் சாத்தன். மேனியெல்லாம் சேறு, வழி தவறி எங்கோ சிக்கிக்கொண்டு மீண்டிருக்கிறான் என்பது தெளிவாகத் தெரிந்தது.

"அம்மரத்தின் பெயர் ஏழிசை. அடுத்தது நக்கம்பிராட்டி, அதற்கடுத்தது கருங்குதிரை. இவ்வோடையில் தந்தையில்லாமல் நிற்கும் மரம் ஒவ்வொன்றின் பெயரையும் நான் சொல்வேன். அவை என் பிள்ளைகள். வெட்டுவதற்கு நான் இசையவில்லை" என்றான் அவன்.

"யாரடா நீ? ஆணையை மறிக்க உனக்கு இத்தனை துணிவா?" என்று சீறித் திரும்பிய கொற்றங்குடியார், அவன் முகத்தைக் கண்டார். மறுகணம், தம் வாழ்நாளில் பிசகியறியாத அந்தப் படைத்தலைவர், ஆடும் ஓடத்திலேயே மண்டியிட்டார்.

"இளவரசே! தாங்களா?"

நங்கையின் கையிலிருந்த கோல் நழுவியது. மனத்தின் மூலையில் அவள் முடிந்து வைத்திருந்த முடிச்சு அப்போதுதான் அவிழ்ந்தது. தலைப்பிள்ளைக்குத் தந்தையின் பாட்டன் பெயர்! அவன் வழக்கம் பிசகாமல் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்.

"ஆம், பொறையூர்ப் பெருவேளின் மகன் வயிரமேகன் நான்" என்றான் அவன், ஊராரை நோக்கி. "குழந்தைப்பருவம் முதல் தாய்மாமன் கோட்டையில் வளர்ந்ததால் இங்கே என் முகம் எவருக்கும் தெரியாது. அதனாலேயே என்னை அனுப்பினார்கள். உங்கள் சோற்றை உண்டுகொண்டே உங்கள் காட்டுக்குக் குழி பறித்தேன். பாட்டனார் இங்கே மரத்துக்குத் துணி கட்டியதை என் தந்தை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை."

"இளவரசே, பெருவேளின் ஆணை மாறிவிட்டதா?" என்று கொற்றங்குடியார் கேட்டார். அந்நிலையிலும் அவருக்கு அதுவே தெரிய வேண்டியிருந்தது.

"மாறவில்லை. மணல்முனையைப் பற்றிச் சொன்னேன், கேட்கவில்லை. நான் இங்கே வந்து மரத்தடியில் நின்றால், இளவரசுப் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். மறந்துவிட்டு வந்தேன். நீர் பட்டத்தைப் பார்க்க வேண்டாம், வழக்கத்தைப் பாரும். துணி கட்டியவன் நான். உயிரோடிருக்கிறேன். எதிரே நிற்கிறேன். உம் ஆணை என்ன சொல்கிறது?"

படைத்தலைவர் எழுந்து நின்றார்.

"உரியவர் உள்ள மரத்தைத் தொடலாகாது" என்றார். பின்னர், நரைத்த மீசை சற்றே அசைய, "பேரப்பிள்ளைகளை வெட்டச் சொல்லித் தங்கள் தந்தை எனக்கு ஆணையிடவும் இல்லை. அவரிடம் இதை அப்படியே சொல்வேன். மணல்முனைக்குச் சாலை போட எத்தனை ஆட்கள் வேண்டுமென்றும் பார்த்துவிட்டுப் போகிறேன்" என்றார்.

கோடரிகள் ஓடங்களுக்குத் திரும்பின. துறையில் எழுந்த ஆரவாரத்தில் நாரைகள் கலைந்து வானத்தை நிறைத்தன.

வயிரமேகன் சேற்றில் இறங்கி, ஏழிசை என்னும் மரத்தின் வேர்மீது வலக்கையை வைத்தான். "இந்தச் சேற்றில் நின்று சொல்கிறேன். அரசு எனக்கு வந்தாலும் வராவிட்டாலும், நான் உயிரோடிருக்கும் வரையில் கண்டல்வனத்துக்குள் கோடரி நுழையாது. நுழையுமாயின், முதல் வெட்டு என்மேல் விழுந்த பின்னரே மரத்தின்மேல் விழும்."

சூளுரைகளை ஊர் மதிக்கும். ஆனால் காளிக்குத் தீராத கணக்கு ஒன்று இருந்தது. "அதெல்லாம் நன்று, இளவரசே. அன்று நான் கேட்ட கேள்விக்கு இன்னும் விடை வரவில்லையே!" என்றாள்.

அவன் காதுமடல்கள் மறுபடியும் சிவந்தன. மடிக்குள் கைவிட்டு, கசங்கிப்போயிருந்த மஞ்சள் துணியொன்றை எடுத்தான். காளி எதிர்ப்பட்டபோது அவன் முதுகுக்குப் பின்னால் மறைத்த துணி அது. அவன் கட்டப் போன மரமென்று ஊரார் விட்டுவைத்ததால், ஓடையின் கடைசி மரம் இன்னும் துணியின்றி நின்றது.

"தாழைநங்கை, ஒரு பிள்ளைக்கு இரண்டு தந்தையர் இல்லையென்பது உங்கள் வழக்கம். தந்தையும் தாயும் சேர்ந்து கட்டலாமா?"

நங்கை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "துடுப்பு வலிக்கவும் தெரியவில்லை, வழியும் தெரியவில்லை. நடுவோடை முழுதும் ஆண்டுதோறும் துணி மாற்ற வேண்டும், தனியாக விட்டால் முதல் வளைவிலேயே சேற்றில் புதைந்துவிடுவீர்" என்றாள். பின்பு அவன் கையிலிருந்த துணியின் மறுமுனையைப் பற்றிக்கொண்டு, "ஏறும், ஓடத்தில். கடைசிப்பிள்ளைக்கு நான்தான் பெயர் வைப்பேன்" என்றாள்.